காயாத அரக்கு

25 மார்ச் 1937, வியாழன்
பிரிக்பீல்ட்ஸ்

கன்னையா வேலை முடிந்து கரிமுகத்தோடு வந்தான். ரயில் எஞ்சினில் கரி அள்ளிப்போடுகிறவன், குளித்தால்தான் ஆள் அடையாளம் தெரியும். பந்தயச் சைக்கிளின் பின் டயர் கிழிந்துவிட்டது. புது டயரைக் கொடுத்தான். பதினோரு வருஷமாக அவன் சக்கரத்தில் என் கைதான். சனிக்கிழமை சாயங்காலம் சிங்கப்பூர், சயாம், ஜாவா ஆட்களோடு ஒரு மைல் பந்தயம். சீசனில் இதுதான் முதல்.

இந்த டயரை அரக்கு பூசித்தான் ஒட்ட வேண்டும். நன்றாகக் காய இரண்டு நாளாகும். இன்று மாதா கோயிலுக்கு நேரமாகிவிட்டது. நாளை பெரிய வெள்ளி, கருவியைத் தொடமாட்டேன். சனி விடியலில் ஒட்டினாலும் நல்ல வெயிலில் பந்தயத்துக்குள் காய்ந்துவிடும்.

26 மார்ச்

பெரிய வெள்ளி. எதையும் தொடவில்லை. பகல் முழுக்க மழை.

27 மார்ச்

விடிந்ததும் ஒட்டினேன். வெயில் வரவேயில்லை. மூன்று மணிக்கு விரலால் அழுத்திப் பார்த்தேன் — பிசுபிசுப்பு.

"காஞ்சிருச்சாடா?" என்றான் கன்னையா.

"காஞ்சிருச்சு."

ஏன் அப்படிச் சொன்னேன்? காயவில்லை என்றால் பந்தயம் போகும், மரியநாயகம் ஒட்டினால் ஒட்டினதுதான் என்று எனக்கிருக்கும் பெயரும் போகும் — அதற்காகவா?

கடைசி வளைவில் கன்னையாவும் சிங்கப்பூர் பாலனும் தோளோடு தோள். முதலில் நான் ஒட்டின டயர் கழன்றது. நான் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் மோதினார்கள். கன்னையாவின் முழங்கால் சில்லு நொறுங்கிவிட்டதாம். ஐயோ, என்ன காரியம் செய்தேன்.

2 ஏப்ரல்

பாலன் இடித்துத் தள்ளினான் என்று பந்தயக் கமிட்டி அவனை சீசன் முழுக்க விலக்கிவிட்டது. என்னையும் கேட்டார்கள். "சரியா பாக்கல" என்றேன். நானெல்லாம் ஒரு மனுசனா?

18 ஏப்ரல்

ஆஸ்பத்திரி. கன்னையா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த சிங்கப்பூர்க்காரன் கை கால் வெளங்காம போகட்டும்" என்றான். அவன் மனைவி சீதாலெட்சுமி காப்பி ஊற்றினாள். "நீங்க இல்லாட்டி நாங்க என்ன பண்ணியிருப்போம்ண்ணே?" காப்பியைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

25 ஏப்ரல்

மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது டயர் விஷயத்தைச் சொன்னேன். "என்கிட்ட சொன்னா மட்டும் போதுமா?" என்றார் சாமியார்.

9 மே

கன்னையா வீட்டுக்குத் திரும்பி ஒரு வாரமாகிறது. இன்று அவனிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். திட்டுவான், கையில் கிடைத்ததை எறிவான் என்று நினைத்தேன்.

"காயலன்னு சொல்லியிருந்தா, வண்டிய ஓரமா சாத்திட்டு உன்கூட உக்காந்து பந்தயம் பாத்திருப்பேன்" என்றான்.

பிறகு என் பக்கம் திரும்பி, "கால் போனா போகட்டும்டா. ஆறு வாரமா அந்தப் பாலன வாய்க்கு வந்தபடி சபிச்சேனே. பக்கத்துலயே உக்காந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்த?"



10 மே

கமிட்டிக்கு எல்லாவற்றையும் எழுதிப் போட்டேன்.

19 ஜூன்

பாலன் மீதான தடை நீங்கியது. பந்தயத் திடலுக்குள் இனி எனக்கு இடமில்லை. நியாயம்தான். கன்னையா எஞ்சினில் ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரயில்வே கேட்டில் காவல் வேலை. டிரைவர் ஆக வேண்டியவன்.

31 ஜூலை

சீசனின் கடைசிப் பந்தயம். கயிற்றுக்கு வெளியே, கூட்டத்தோடு நின்று பார்த்தேன். தொடக்கக் கோட்டில் பாலனின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றது கன்னையா. கைத்தடி புல்லில் கிடந்தது. பாலன்தான் ஜெயித்தான். கன்னையா போட்ட கூச்சல் என் வரைக்கும் கேட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தது, அழுகையும் வந்தது.

திரும்பும்போது வழியில் அவனைப் பிடித்தேன். இருவருக்கும் ஒரே வரிசையில்தான் வீடு.

"கால் எப்படிடா இருக்கு?"

"பரவால்ல."

அவன் நடைக்கு ஈடாக மெதுவாகக் கூடவே நடந்தேன். ரயில் பாலம் வந்ததும் நின்றான்.

"நீ முன்னாடி போ."

போனேன். வளைவில் திரும்பிப் பார்த்தேன். தடியை ஊன்றிக்கொண்டு அங்கேயே நின்றிருந்தான், நான் இன்னும் தூரம் போகட்டும் என்று.