கோல்கீப்பரின் சவப்பெட்டி

ஏப்ரல் 27, சனி
இந்த நேரத்தில் விளக்கைப் போட்டு எழுதுவதற்கு மன்னிப்பு. தூங்குகிற என் கணவர் டன்ஸ்டனிடம்தான் கேட்கிறேன், அவர் காதில் விழாது. நாளை அவர் ஊரும் நான் பிறந்த ஊரும் மோதுகின்றன. தோற்கிற கிளப் கீழ்ப்பிரிவுக்கு இறங்கும். அவர் இந்த ஊர் கோல்கீப்பர். என் தம்பி ரெடென் அந்த ஊர் ரசிகர்களுக்குத் தலைவன். இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு சாலைதான். மால்டா முழுக்க இப்படித்தான்.

காலையில் போன் செய்தான். "அக்கா, மச்சானுக்குப் பெட்டி ரெடி!" ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்குப் பொய்ச் சவ ஊர்வலம் நடத்துவது வழக்கம். நானும் சிரித்துவைத்தேன்.

ஏப்ரல் 28
2–1. கடைசி நேரத்தில் பந்து அவர் கையில் பட்டு, வழுக்கி, உள்ளே போய்விட்டது.

ஏப்ரல் 29
சீ.

எங்கள் தெருவுக்கே வந்தார்கள். கார் ஹாரன், வெடி. மீசை வைத்த ஆண்கள் கறுப்பு முக்காடு போட்டு மாரடித்தார்கள். "ஐயோ டன்ஸ்டனே, கையா அது, ரிக்கோட்டா சீஸ் கட்டியா! போயிட்டியே ராசா!" பெட்டியை முன்னால் சுமந்தவன் ரெடென். ஜனவரியில் அப்பாவைச் சுமந்த அதே தோள்.

மூடியில் அவர் படம். எங்கள் கல்யாணப் படம். அம்மா வீட்டு ஷோகேஸில் இருப்பது. என்னை வெட்டி எடுத்துவிட்டார்கள். அவர் தோளில் மோதிரத்தோடு என் கை மட்டும் மிச்சம்.

மகள் தேயா என் பக்கத்தில் பால்கனியில் நின்றாள். நாலு வயது. தாத்தாவைப் பெட்டிக்குள் பார்த்தவள். "அப்பா அதுக்குள்ள இருக்காரா?" என்றாள். சமையலறையில் உட்கார்ந்திருந்தவரை இழுத்து வந்து நிறுத்தினேன். "இங்கதான்டா இருக்கேன் தங்கம்." அவள் அவரைப் பார்க்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே 3
அம்மாவிடம் கேட்டேன், படத்தைக் கொடுத்தது நீயா என்று. "விளையாட்டுக்குத்தானேடி. நல்ல படமா இருக்கட்டுமேன்னு குடுத்தேன்." நல்ல படம்!

இவர் அதற்கு மேல். "நாங்க ஜெயிச்சிருந்தா உன் தம்பியை நான் தூக்கியிருப்பேன். இதுக்குப் போய்..." இரண்டு பக்கமும் ஒரே குட்டை. அருவருப்பாக இருக்கிறது.

மே 11
தேயா இன்றும் விழித்துக்கொண்டாள். இவர் மூக்கின் கீழே விரல் வைத்துப் பார்க்கிறாள். மூச்சு வந்தால்தான் படுக்கிறாள். இவர் தூங்குவதுபோல் நடிக்கிறார் — இமை நனைந்திருந்தது.

"படிச்சவதானே, குழந்தைக்கு எடுத்துச் சொல்லு" என்கிறாள் அம்மா. சொன்னேன்.
"காலிப் பெட்டிம்மா அது."
"நீ பாத்தியா?"
நான் எங்கே பார்த்தேன்?

ஜூன் 6
ரெடென் ஒரு பொட்டலம் பஸ்டிஸ்ஸி பலகாரத்தோடு வந்தான். அவர்கள் கோல்கீப்பர் வேறு கிளப்புக்குப் போகிறானாம். இவரைக் கேட்கிறார்கள்! "மச்சான், உங்க கை மாதிரி இந்தத் தீவுலயே கிடையாது."

ஏப்ரலில் அதே கை ரிக்கோட்டா.

"அந்தப் பெட்டி எங்கேடா?"
"கிளப் மாடியில இருக்குக்கா. வருஷா வருஷம் அதேதான், பேரை மட்டும் மாத்துவோம்."

இவர் மூன்றாவது பஸ்டிஸ்ஸியை எடுத்தபடி, "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். சரி என்று அர்த்தம். தேயா மேஜைக்கடியில் அவர் காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். மாமன் போகும்வரை வெளியே வரவில்லை.

ஜூன் 7
ரெடெனுக்கு அனுப்பியது:

"உன் மச்சான் எங்க வேணா ஆடட்டும், நான் குறுக்க நிக்கல. ஆனா அவர் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அந்தப் பெட்டியை வேன்ல ஏத்திட்டு வா. தேயா முன்னாடி நீயே மூடியைத் திற. உள்ள கையை விட்டுப் பாக்கட்டும் அவ. என்னைக்கு வர்றே? சீக்கிரம் பதில் போடு."