புள்ளிப் படத்தில் என்ன எண் தெரிகிறது

போடிநாயக்கனூர்
செவ்வாய்க்கிழமை காலை

அன்பு மகன் ஜெபகுமாருக்கு, ஆண்டவர் தயவால் இங்கே எல்லோரும் நடமாட்டமாக இருக்கிறோம். மஸ்கட் வெயிலில் உன் உடம்பு எப்படித் தாங்குகிறதோ என்பதுதான் தினமும் காலை ஜெபத்தில் என் முதல் விண்ணப்பம். போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது. நடுவில் நான் தாவித் தாவி எழுதினாலும் நீ தாவாமல் கடைசிவரை படி.

முந்தாநாள் ஞாயிறு, கோவில் முடிந்து வந்தபின் நம் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: உன் அப்பா, நான், உன் தங்கை பொன்மணி, என் தம்பி ஸ்டான்லி, நம் கடையில் ஏலக்காய் தரம் பிரிக்கும் பெண்களில் மூத்தவளான சோலையம்மாள். ஐந்து பேர், வேறு யாரும் இல்லை. பின்னால் பேச்சு மாறக்கூடாது என்று அன்றைக்கே என் நோட்டில் எழுதிவைத்துவிட்டேன். பொன்மணி பன்னிரண்டாம் வகுப்பு வந்ததிலிருந்து அவள் புத்தகங்களை நானும் புரட்டுகிறேன், உனக்குத் தெரியும். எட்டோடு நின்றவளுக்கு இது எதற்கு என்று அப்பா கேட்பார், குழம்பு கொதிக்கிற நேரத்துக்கு ஒரு பக்கம் என்று படித்துவிடுவேன். நிறம் என்பது ஒளியலையின் நீளம் என்று இயற்பியலில் இருக்கிறது. மலையில் ஏலக்காயைச் சலவைச் சோடாத் தண்ணீரில் முக்கி எடுத்துக் காயவைக்கிறார்களே, அது எதற்கென்று வேதியியல் டீச்சரிடம் கேட்டுவரச் சொன்னேன். காயில் உள்ள அமிலம் பச்சையத்தைக் கெடுத்துப் பழுப்பாக்குமாம், சோடா அந்த அமிலத்தை அடக்குமாம். இத்தனை வருடம் ஏலக்காய் வியாபாரம் செய்கிற வீட்டில் இருந்துகொண்டு இது எனக்குத் தெரியாது. ஆனால் என் நிம்மதியைக் கெடுத்தது உயிரியல்தான்.

உயிரியல் டீச்சர் ஒரு புள்ளிப் படத்தை வகுப்பில் எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார். வட்டம் முழுக்கக் கலர் கலராகப் புள்ளி, அதற்குள் ஒரு எண் ஒளிந்திருக்கும். பொன்மணி அதை எங்களிடம் நீட்டி என்ன எண் என்று கேட்டாள். அப்பா பார்த்த மாத்திரத்தில் சொன்னார், நானும் சோலையம்மாளும் அதையே சொன்னோம். ஸ்டான்லி மாமா மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னத்த எண்ணு, அம்மை போட்ட மாதிரி புள்ளிதான் இருக்கு என்றான். கண்ணாடியத் தொடச்சுட்டுப் பாரு மாப்ளே என்று அப்பா கேலி செய்தார். ஆத்தா, இவரு ஓட்டுற ஜீப்புலதான நாங்க குரங்கணிக்குப் போயிட்டு வர்றோம் என்று சோலையம்மாள் நெஞ்சில் கைவைத்தாள். அப்ப மதுரையில சிக்னல எப்படி மாமா பாப்பீங்க என்று பொன்மணி கேட்டதற்கு, மேல எரிஞ்சா நில்லு, கீழ எரிஞ்சா போ, எல்லாரும் அப்படித்தான பாக்குறீக என்றான். நாங்கள் எல்லோரும் சிரித்தோம், பொன்மணி சிரிக்கவில்லை. அவள் கடைக்குள் போய் நல்ல பச்சைக் காயிலும் வெளிறிய பழுப்புக் காயிலும் ஒவ்வொரு பிடி அள்ளி ஒரே தட்டில் கொட்டிக்கொண்டு வந்து, பச்சை தனி பழுப்பு தனியாகப் பிரிக்கச் சொன்னாள். மாமா வெரசாகப் பிரித்துவிட்டான், பெருமையாகத் தட்டைத் தள்ளினான். பார்த்தால் இரண்டு குவியலிலும் பச்சையும் பழுப்பும் கலந்து கிடந்தன. பெரியது ஒரு பக்கம், சிறியது ஒரு பக்கம், அவ்வளவுதான். அப்போது சோலையம்மாள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள், சின்ன மொதலாளி பிரிச்ச மூட்டையும் இப்படித்தான இருந்துச்சு என்று.

அந்த மூட்டையைத்தான் ஆறு வருடமாக நாம் யாரும் வாயால் சொல்வதில்லை. நீ முதல் தரம் என்று பிரித்து அனுப்பிய மூட்டை வடக்கேயிருந்து திரும்பி வந்தது, பாதிக்குப் பாதி பழுப்பு. நல்ல காய எடுத்து வெளிய வித்துட்டு இதப் போட்டு நெரப்பியிருக்கான் என்று அத்தனை பெண்கள் முன்னால் அப்பா கத்தினார். நீ மூட்டையைப் பார்த்துவிட்டு, எல்லாம் ஒண்ணாத்தானப்பா இருக்கு என்று சொன்னாய். திமிர் என்று நினைத்து அவர் கையை ஓங்கினார். நான் அரிசி களைந்துகொண்டு நின்றேன், கையை எடுக்கவில்லை. நீ வீட்டை விட்டுப் போவதற்கு முந்தின நாள், நீ வெளியே போயிருந்தபோது, காய் விற்ற பணம் இருக்குமோ என்று உன் பெட்டியைத் திறந்து பார்த்தேன் அப்பு. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, பாதிரியாரிடம்கூட. உன் நாலு சட்டை, சர்டிபிகேட், நான் கொடுத்த ஜெபமாலை, அவ்வளவுதான் இருந்தது. ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும் அப்பாவிடம் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மன்னித்துவிடு என்று எழுதுவது லேசு, அதனால் அதை எழுதாமல் நடந்ததை மட்டும் எழுதியிருக்கிறேன்.

ஞாயிறிலிருந்து என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. இந்தக் கடிதத்துக்கே நாலு தரம் எழுந்துவிட்டேன், ஒரு தரம் பால் பொங்கி வழிந்தது. பழசெல்லாம் ஒவ்வொன்றாக வருகிறது. மூன்றாம் வகுப்பில் மலையைப் பழுப்புக் கலரில் தீட்டி அடி வாங்கி வந்தாய். குரங்கணியில் காப்பிப் பழம் பறிக்கப் போனபோது பழுத்ததை விட்டுவிட்டுக் காயாகப் பறித்து வந்தாய் என்று தோட்டமே சிரித்தது, நானும்தான் சிரித்தேன். பொன்மணி புத்தகத்தை விரித்துக் காட்டினாள். ஆண்பிள்ளைக்கு எக்ஸ் ஒன்று, ஒய் ஒன்று. ஒய் அப்பா கொடுப்பது, எக்ஸ் அம்மா கொடுப்பது. சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாத இந்தக் குறை எக்ஸில் இருக்கிறது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் இருப்பதால் ஒன்றில் குறை இருந்தாலும் மற்றது தாங்கிக்கொள்ளும், அவளுக்கே தெரியாது. என் தம்பிக்கு இருக்கிறது என்றால் அது என் அம்மா வழியாக வந்தது, என்னிடமும் இருந்திருக்கலாம், அப்படியானால் உனக்கு நான் கொடுத்ததுதான். அப்பனிடமிருந்து மகனுக்கு வராது என்று அடிக்கோடு போட்டிருக்கிறாள். எனக்கும் இருக்கலாம்மா, எனக்குப் பொறக்குற பயல ஏலக்கா கடைப் பக்கம் விட்றாதீக என்று சிரிக்கவேறு செய்கிறாள், வாயாடி.

சிரிப்பு வரவில்லை எனக்கு. போன வாரம் போனில் நீ சந்தோஷமாகச் சொன்னாயே, ஒண்ணாம் தேதியிலிருந்து ஹெல்பர் இல்லம்மா, இனி நானே ஒயரிங் பண்ணப்போறேன், நாலஞ்சு கலர் ஒயருதான், புள்ளைக விளையாட்டு என்று. கலர் ஒயர் என்ற சொல் ஞாயிறு சாயங்காலம்தான் என் காதில் விழுந்தது. சிவப்பு எது பச்சை எது என்று அங்கே உன் பக்கத்தில் நின்று யார் சொல்லப்போகிறார்கள்? ஏலக்காயில் தப்பினால் மூட்டை திரும்பி வரும். இதில் தப்பினால் என்ன வரும் என்று எழுதக் கை வரவில்லை. சம்பளம் கூடாமல் போகட்டும், இன்னும் மூன்று வருடம் ஹெல்பராகவே இரு, உன் சூப்பர்வைசரிடம் வெளிப்படையாகச் சொல். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை, மாமா இருபது வருடமாக ஜீப் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறான்.

அப்பா ஞாயிறு சாப்பிடவில்லை. நேற்று பொன்மணியைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு என்னிடம், எல்லாம் ஒண்ணாத்தான் இருக்குன்னு அவன் சொன்னான்ல என்றார். உன்னிடம் பேச அவருக்கு இன்னும் வாய் வரவில்லை. இப்போது இந்தக் கடிதத்தோடு அனுப்ப நான் படத்தை மடிக்கப்போனபோது பிடுங்கி, மடிக்காத, புள்ளி அழிஞ்சுரும் என்று கடையிலிருந்து இரண்டு அட்டை வெட்டிக்கொண்டு வந்து நடுவில் வைத்துத் தைத்தவர் அவர்தான். போனில் அனுப்பினால் கலர் மாறும் என்று டீச்சர் சொன்னதால், வியாழக்கிழமை மஸ்கட்டுக்குப் புறப்படுகிற குரங்கணி பெரியகருப்பன் மகனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். கூடவே ஊறுகாயும் பருப்புப்பொடியும் இருக்கிறது, ஊறுகாய்ப் பாட்டிலை நிமிர்த்தியே வை.

ஆண்டவர் உன் கையையும் கண்ணையும் காப்பாராக. ஒண்ணாம் தேதிக்கு முன் அட்டையைப் பிரித்து, பகல் வெளிச்சத்தில் படத்தைப் பார். எண் என்ன என்று நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் எனக்காகத் தெரிகிறது என்று சொல்லிவிடுவாய். யாரையும் கேட்காதே. எண் தெரிந்தால் எண்ணை எழுது. ஒன்றும் தெரியவில்லை என்றால் ஒன்றும் தெரியவில்லை என்றே எழுது, அதைப் பொய் என்று சொல்ல இந்த வீட்டில் இனி ஆள் இல்லை. அதுவரை ஒயரைத் தொடாதே. பார்த்த அன்றைக்கே பதில் போடு.

உன் அம்மா
ஜெயபாக்கியம்