தொடுவதற்கு முன் சொன்ன பதில்

தாராவி,
வியாழக்கிழமை காலை

அன்பு மகன் சுடலைக்கண்ணனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலமாக இருக்கிறேன், பின்லாந்துக் குளிரில் நீயும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க நம் சுடலைமாடன் துணை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் சொல்ல வராத விஷயம், அதனால்தான் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், அவசரமில்லை, இரண்டு நாள் வைத்துப் படி. இங்கே மழை ஓய்ந்துவிட்டது, குழாயில் தண்ணீர் காலை ஐந்து மணிக்கே வந்து போய்விடுகிறது, கீழே மன்சூர் அலி பட்டறையில் தோல் பை தைக்கிற மெஷின் நாள் முழுக்க ஓடுகிறது. நம் வீட்டு இரும்பு ஏணிக்குப் புது பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அம்மா இருந்தால் நிறம் சரியில்லை என்று சண்டைக்குப் போயிருப்பாள். எனக்கு அது என்ன நிறம் என்று கேட்டால் இப்போது சொல்லத் தெரியாது, தினமும் அதில்தான் ஏறி இறங்குகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை பால் வாங்கக் கீழே இறங்கினேன். மன்சூர் அலி பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, செருப்பெல்லாம் ரத்தமா இருக்கே, கால்ல ஆணி ஏறிக் கெடக்கு, வலிக்கலியா" என்று ஓடி வந்தார். பட்டறை ஆணி, செருப்பைத் துளைத்து உள்ளங்காலுக்குள் போயிருந்தது. எப்போது ஏறியதோ எனக்குத் தெரியாது. ஸ்கூட்டரில் உட்காரவைத்து சயானில் ஒரு டாக்டர் அம்மாவிடம் கூட்டிப் போனார். அந்தம்மா ஆணியை எடுத்து ஊசி போட்டு, சர்க்கரை கூடிப்போய் கால் மரத்திருக்கிறது என்று சொல்லி, என்னைக் கண்ணை மூடச் சொன்னது. தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையால் பாதத்தைத் தொடுமாம், தொடுகிறது தெரிந்தால் நான் சொல்ல வேண்டுமாம். நான் தெரிகிறது தெரிகிறது என்று நாலைந்து தடவை சொன்னேன். கடைசியில் அந்தம்மா இந்தியில், இன்னும் நான் தொடவே இல்லையே அங்கிள் என்றது. மன்சூர் அலி சிரித்தார், நானும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தேன்.

வீட்டுக்கு வந்து கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்தபோதுதான் நீ போன வருஷம் லீவில் வந்து சொன்னது ஞாபகம் வந்தது. அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, "ஏலே, அங்க போயி அப்படி என்னதாம்ல ஆராய்ச்சி பண்ணுதே" என்று கேட்டாள். புரோகிராம் எழுதுவதற்கு முன்பே அதற்கான டெஸ்ட்டை எழுதிவிட வேண்டும், ஓட்டிப் பார்த்தால் முதலில் அது தோற்று சிவப்பு காட்ட வேண்டும், அப்புறம்தான் புரோகிராமை எழுதி அதைப் பச்சையாக்க வேண்டும், இப்படி முதலில் எழுதுகிறவர்களுக்கும் கடைசியில் எழுதுகிறவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்ப்பதுதான் உன் வேலை என்று நீ சொன்னாய். தோக்கும்னு தெரிஞ்சே எதுக்குல பரீட்சை என்று அவள் கேட்டதற்கு, "தோக்கத் தெரியாத டெஸ்ட்டு எப்பவும் பச்சைதாம்மா காட்டும், உள்ள ஒண்ணுமே இல்லன்னாலும்" என்றாய். அவளுக்குப் புரியவில்லை, எனக்கு உடனே புரிந்தது. முப்பத்தோரு வருஷம் ரயில்வே சிக்னலில் வேலை பார்த்தவன் இல்லையா. சிக்னலைச் சோதிக்க நாங்களே இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே ஒயரைப் போட்டால் வண்டி நிற்கிறது என்று நினைத்து சிக்னல் சிவப்புக்கு வர வேண்டும், வராவிட்டால் அதுவரை எரிந்த பச்சையையும் நம்பக்கூடாது.

நீ ஒவ்வொரு ஞாயிறும் மூன்று கேள்வி கேட்கிறாய். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா, நல்லாயிருக்கீங்களா. மூன்றுக்கும் ஆமாம் என்று ஒரே குரலில் சொல்கிறேன். போன ஞாயிறு நீ, இங்க ஐஸ் விழுதுப்பா என்றாய், நான் சாப்பிட்டேன் என்றேன். நீயும் சரிப்பா என்று வைத்துவிட்டாய். உன்மேல் குறை சொல்லவில்லை கண்ணா. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அம்மா போய் இந்த ஐந்து மாதத்தில் நான் மாத்திரை போட்ட நாட்கள் குறைவு. வேண்டுமென்று விடவில்லை, டப்பாவைப் பார்க்கிறேன், எடுக்கத் தோன்றுவதில்லை, அவ்வளவுதான். பசியும் தெரியவில்லை. மயானத்தில் அழுகை வரவில்லை, பதினாறாம் நாள் வரவில்லை, இதை எழுதும்போதும் வரவில்லை. நீ அழுதும் நான் பார்க்கவில்லை. ஏர்போர்ட்டில் உள்ளே போகும் முன், நான் நல்லாத்தான்பா இருக்கேன் என்று நான் கேட்காமலே சொன்னாய். அன்று அதை நம்பினேன். இன்னும் தொடவே இல்லை என்று இந்த டாக்டர் அம்மா சொன்ன பிறகு அதுதான் என்னை உறுத்துகிறது.

பயப்படாதே, லீவு போட்டுக்கொண்டு வராதே, ஆராய்ச்சியை முடி. மன்சூர் அலி காலையில் வந்து மாத்திரையை நான் முழுங்குகிறவரை நின்று பார்த்துவிட்டுத்தான் பட்டறை திறக்கிறார். குளிரில் தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே. மாடன் உன்னை நல்லபடியாக வைத்திருப்பான், அம்மாவின் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. முதல் வரியில் நலம் என்று எழுதியிருக்கிறேன், அதை நம்ப வேண்டாம், கடிதம் என்றதும் கை தானாக எழுதிவிட்டது. மறக்காமல் ஒன்று செய், ஞாயிற்றுக்கிழமை என்னிடம் எதுவும் கேட்காதே, வீடியோவில் காலைத் தூக்கிக் காட்டச் சொல், கட்டை அவிழ்த்துக் காட்டுகிறேன். நானும் உன்னிடம் நல்லாயிருக்கியா என்று கேட்கமாட்டேன். அம்மாவைப் பற்றி ஏதாவது சொல்லு என்பேன், உனக்கு வாயில் வார்த்தை வரவில்லை என்றால் போனை வைக்காமல் இருப்பேன்.

உன் அப்பா,
நெல்லையப்பன்