காளியப்பன் வீட்டுக்கு வந்த தீவனம்

2.11.84 வெள்ளி

காலையில் தூறல். கரையை உடைத்துக்கொண்டு வந்த கடல் தண்ணீர் வடிந்துவிட்டது. புல்தான் போயிற்று. பாயான் பாரு குடியிருப்பு வீடுகளுக்குப் பின்னால் மேய்ச்சல் காடு முழுக்க உப்புப் பூத்து, தேங்காய் நார் மாதிரி. எனக்கு நாலு மாடு, பக்கத்து வீட்டுக் காளியப்பனுக்கு ஐந்து. மேய்வது ஒரே இடம். என் செவலை நிறை சினை. விலா எலும்பு தெரிகிறது.

பால் ஊற்ற டவுனுக்குப் போனேன். குவீன் ஸ்ட்ரீட்டில் புதுச் சேலைக்கடை திறப்பு, மைக்கில் ஒரே பாட்டு. வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். மாட்டுக்குக் கேட்டேன். "சாயங்காலம் வாங்கண்ணே, இப்பவே அறுத்தா மொதலாளி என்னைய கட்டிருவாரு" என்றான் கடைப் பையன்.

வீட்டுக்கு வந்தால் அஞ்சலை சொல்கிறாள், மாட்டு ஆபீஸிலிருந்து மலாய்க்காரத் தம்பி வந்தாராம். புல் அழிந்தவர்களுக்கு அரசாங்கம் தீவனம் தருமாம். கொட்டகையில் நின்றபடியே விசாரித்துவிட்டு, மசூதிக்கு நேரமாச்சு என்று கிளம்பினாராம். காளியப்பன்தான் மறித்து, கையைப் பிடித்துச் சேற்றுக்குள் இழுத்துப்போய்க் காட்டினானாம். காலில் போட்டிருந்த சப்பாத்து நாசம், பாவம்.

நம் வீட்டிலும் கேட்டாயிற்று. வரும்.

14.11 புதன்

நல்ல வெயில். லாரி வந்தது. நம் வாசலைத் தாண்டிப் போய் அவன் வாசலில் நின்றது. மூட்டை மூட்டையாகத் தீவனம். நடுவதற்குப் புல்கட்டை வேறு. டிரைவரிடம் கேட்டேன். "உங்க பேரு இல்லலா" என்றான்.

காளியப்பன் எப்போதும் இப்படித்தான். சந்தையில் நான் பார்த்து வைத்த கறவையை, நான் வெற்றிலை வாங்கப் போன நேரத்தில் ஓட்டிக்கொண்டு போனவன். இப்போது என் கண்ணுக்கு அவன் மாட்டுச் சாணிகூடப் பளபளவென்று தெரிகிறது. எட்டிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

கேட்டால் கொடுப்பான். அதுதான் எரிச்சல்.

15.11 வியாழன்

பால் ஊற்றிவிட்டு நேரே மாட்டு ஆபீஸ். பதிவேட்டில் எழுதியிருப்பதைப் பார்த்துக் கிராணி சிரிக்கிறான். "உங்க வீட்டுல புல்லு பெனோன்னு சொல்லியிருக்காங்களே. நெறைய இருக்குறவங்களுக்கு எதுக்குலா தீவனம்?"

வீட்டுக்கு வந்து அஞ்சலையைப் பிடித்தேன்.

"நீயா சொன்ன?"

"ஆமா. புல்லு இருக்கான்னு கேட்டாரு. வெள்ளிக்கெழமையும் அதுவுமா, மாட்டுக் கொட்டாயில நின்னுக்கிட்டு இல்லேன்னு வாயால சொல்லுவாங்களா? அரிசி தீந்தா நெறஞ்சிருக்குன்னு சொல்றதில்ல? அதைத்தான் மலாயில பெனோன்னு சொன்னேன்."

"மலாய்க்காரருக்கு அது எப்படிடி தெரியும்?"

"தெரியாதவருகிட்ட நீங்க நின்னு பேசியிருக்கணும். வாழமரத்துக்கு அலைஞ்சிட்டு என்னைய கேக்க வந்துட்டாரு."

வேலிக்கு அந்தப் பக்கம் காளியப்பன் பெண்டாட்டி இருமினாள். இருமல் இல்லை, சிரிப்பு. அவள் வீட்டுக்கு மட்டும் வெள்ளிக்கிழமை கிடையாதா?

ஆபீஸில் திரும்ப வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதமாம். செவலை அதுவரை நிற்குமா?

17.11 சனி

மழை. சாலையோரம் அறுத்த புல் ஒரு கை. வாழைத்தண்டைச் செவலை முகர்ந்துவிட்டுத் தள்ளிவிட்டது. அந்தப் பக்கம் தீவனம் ஊறுகிற வாசனை. எனக்கே பசித்தது. "போய்க் கேளுங்களேன்" என்றாள் அஞ்சலை. காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

18.11 ஞாயிறு

விடியக் கொட்டகையில் செவலை இல்லை. முளையைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறது. வேலி ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. காளியப்பன் தொட்டியில் முகத்தை விட்டுக்கொண்டு நிற்கிறது. அவன் மாடுகள் ஒதுங்கி நின்று பார்க்கின்றன.

"நான் ஓட்டியாரலண்ணே. அதுவா வந்துச்சு" என்றான் காளியப்பன்.

"தெரியுது."

"இன்னொரு வாளி கரைக்கட்டுமா?"

செவலையின் கயிறு கைக்கு வந்துவிட்டது. இழுக்கவில்லை.