ஆறாத ரேடியேட்டர்

சிங்கப்பூர், 2008

அன்புள்ள ஜோஸ்பின்,

நான் நலம். உன் இடுப்பு வலி தேவலையா? நம் மகள் நான்சி முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்று நான் நேரத்துக்குப் போன் செய்யவில்லை என்று கோபமாக இருப்பாய். பூசை முடியட்டும் என்று காத்திருந்த நேரத்தில் ஸ்கூட்டருக்குக் கூலன்ட் மாற்ற உட்கார்ந்தேன். இன்ஜின் ஆறுவதற்குள் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டேன். கொதிநீர் கையில் அடித்தது. பெரிதாக ஒன்றுமில்லை. பீங்கான் சூளை ஆற நாள் கணக்கில் காத்திருக்கிறவள் நீ. "ஆறட்டுமே, அப்புடி என்னங்க அவசரம்?" என்றுதான் கேட்பாய். கட்டுப் போட்டு வந்து கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை.

வெள்ளைக் கவுனில் அவளை எடுத்த போட்டோ ஒன்று அனுப்பு. அறை நண்பர் தபாலுக்குக் கிளம்புகிறார், முடிக்கிறேன். எழுத்து கோணலாக இருக்கிறதென்று நான்சி சிரித்தால் சிரிக்கட்டும். இடது கையால் எழுதியதென்று சொல்லிவிடாதே.

சாவியோ