சாட்டர்ன் ஃபெரி பற்றி நான் எழுதியது

1987 மார்ச் 3, செவ்வாய். மதியம் 1.40.

இதுவரை முப்பத்தோரு ஆட்டம். முப்பத்தொன்றிலும் இரண்டாம் வளையத்தைத் தாண்டவில்லை.

மெஷின் பெயர் சாட்டர்ன் ஃபெரி. ஆட்டம் பதிந்த சர்க்யூட் போர்டு பம்பாயிலிருந்து வந்து எட்டு நாள் ஆகிறது. டவுன்ஹால் ரோட்டில் பிரியும் சந்துக்குள் வெள்ளைத்துரை அண்ணன் நடத்தும் வீடியோ கேம் கடையில் இது நாலாவது. பெட்டிக்குள் மாட்டி, வயர் கொடுத்து, ஓட வைத்தது நான்தான். டி.வி. சர்வீஸ் என் பிழைப்பு. அண்ணன் கடை மெஷின்களைச் சும்மா பார்த்துக் கொடுக்கிறேன். பதிலுக்கு மதிய இடைவேளையில் டோக்கன் போடாமல் ஆடலாம். ஆடினால்தான் எழுத முடியும். திருச்சி ‘மின்முனை’ மாத இதழில் ‘கைப்பிடி’ என்று ஒரு பக்கம், புதிதாக வந்த ஆட்டங்களைப் பற்றி. ஏழு மாதமாக எழுதுகிறேன். வேறு யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை.

போன மாதம் ‘மங்கி பேங்க்’. குரங்கு சாவி பொறுக்குகிற ஆட்டம். வழியிலுள்ள ஆணி குரங்கின் வாலைத் தொடவே இல்லை, குரங்கு செத்துப்போகிறது. படம் போட்டவன் வேறு, கணக்குப் போட்டவன் வேறு. இருவரும் சந்தித்ததே இல்லை என்று எழுதினேன். அண்ணன் அதை வெட்டி அந்த மெஷின் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறார். ‘நம்ம கடை இஞ்சினீரு எழுதினது’ என்று வருகிறவனிடமெல்லாம் காட்டுவார். திட்டுதான் அது என்று சொன்னேன். ‘திட்டினாலும் புத்தகத்துல வந்திருச்சில்ல’ என்றார்.

சாட்டர்ன் ஃபெரியில் ஒரு படகு. சனிக்கிரகத்தின் வளையங்களுக்கு நடுவே ஆட்களை ஏற்றி இறக்க வேண்டும். கல் மிதந்து வரும். மெதுவாகக் கரை சேர்க்க வேண்டும். யோசனை நல்ல யோசனை. ஆனால் கல் வரும் வேகத்துக்கு மனிதக் கை ஈடு கொடுக்காது.

பக்கத்து ஸ்டூலில் ஹாலாஸ்யம். மீனாட்சி கோயில் பட்டர். வயது என் வயதுதான், இருபத்தாறு இருக்கும். பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் குடுமியும் விபூதியுமாக நேரே இங்கே வருவார். மூன்றரைக்கு எழுந்து போவார். நான்கு மாதமாக அருகருகே உட்காருகிறோம். அவர் வீடு எங்கே என்றுகூட நான் கேட்டதில்லை.

மார்ச் 5, வியாழன்

இன்று ஹாலாஸ்யத்தோடு தகராறு. தகராறு என்று அவர் நினைத்தாரோ என்னவோ.

‘மாயன், இதே ஆட்டம் மெட்ராஸ்ல அத்திம்பேரோட போய் ஆடியிருக்கேன். அங்கே ஒரு டோக்கனுக்கு மூணு படகு கொடுத்தான். கல்லும் இப்படி விரட்டலை. இங்கே ஏதோ சரியில்லை ஓய்.’

‘போர்டை செட் பண்ணினது நான். கஷ்டம், சுலபம் வைக்கிற எட்டு சுவிட்சும் ஆன். இதுக்கு மேல தாராளமா எந்த மெஷினும் குடுக்காது. நீங்க வேற ஆட்டத்தப் பாத்திருப்பீங்க.’

‘இல்லை, இதேதான். நாலாவது வளையத்துல ஒரு சங்கீதம் வரும்.’

‘பூஜையப் பத்தி நான் உங்களுக்குச் சொல்றேனா?’

அண்ணன் சிரித்தார். ஹாலாஸ்யமும் சிரித்தார். அப்புறம் தன் ஆட்டத்துக்குத் திரும்பிக்கொண்டார்.

தெரியாத விஷயத்தில் ஏன் எல்லோரும் வாயைத் திறக்கிறார்கள்?

மார்ச் 8, ஞாயிறு. விளாங்குடி, என் அறை.

இன்று வாயைத் திறந்தது இரண்டு முறை. மெஸ்ஸில் ‘ரசம்’. பஸ்ஸில் ‘விளாங்குடி’.

மீதி நேரம் கட்டுரை. ஒரே மூச்சில் வந்தது. ‘இருப்பதிலேயே சுலபமான அமைப்பில் வைத்து நாற்பது முறை ஆடிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். ஓர் ஆட்டம் ஆடுபவனைத் தோற்கடிக்கலாம், ஏமாற்றக் கூடாது. சாட்டர்ன் ஃபெரி ஏமாற்றுகிறது. இதில் நாலாவது வளையம் உண்டு, அங்கே சங்கீதம் கேட்கும் என்று சில பக்தர்கள் சொல்கிறார்கள். அவர்கள் மணியாட்டத்தான் லாயக்கு.’

கடைசி வரியை இரண்டு முறை படித்தேன். நன்றாக விழுந்திருக்கிறது. வெட்ட மனம் வரவில்லை.

மார்ச் 10

தபாலில் சேர்த்தாயிற்று.

ஏப்ரல் 2, வியாழன்

இதழ் வந்துவிட்டது. ஒரு எழுத்தும் மாற்றாமல் போட்டிருக்கிறார் ஆசிரியர் ராஜாராமன். அண்ணன் கையில் கொடுத்தேன். நின்றபடியே படித்தார்.

‘இது நம்ம மிஷினுதானே?’

‘ஆமாண்ணே.’

‘மூணு மாசம் காத்துக் கெடந்து வரவழைச்சது.’

அவ்வளவுதான். வெட்டி ஒட்டவில்லை. மேஜை இழுப்பறைக்குள் போட்டார்.

ஹாலாஸ்யம் அதைக் கேட்டு வாங்கிப் படித்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. இரண்டாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். ‘காலைல நாலரைக்கு எழுந்து நின்னா மத்தியானம் எனக்கு இது ஒண்ணுதான் பொழுது. அதான் வரேன்’ என்றார். இன்று ஆடாமலேயே போனார்.

பெயரா போட்டேன்? பெயர் போடவில்லையே.

ஏப்ரல் 3

ஹாலாஸ்யம் வரவில்லை.

ஏப்ரல் 6

வரவில்லை. சித்திரைத் திருவிழா வேலையாக இருக்கும். ஆனால் கொடியேற்றத்துக்கு இன்னும் நாள் கிடக்கிறதே.

ஏப்ரல் 9, வியாழன்

கல்லூரிப் பயல்கள் நாலு பேர். ஒருவன் சாட்டர்ன் ஃபெரியில் டோக்கன் போடப் போனான். இன்னொருவன் கையைப் பிடித்தான். ‘டேய் மாப்ள, அது சீட்டிங்டா. புத்தகத்துலயே போட்டிருக்கான்.’ எல்லோரும் குரங்குக்குப் போனார்கள். ஆணி தொடாமலே சாகிற குரங்குக்கு.

என் எழுத்தை ஒருவன் படித்துவிட்டு அதன்படி நடந்ததை நேரில் பார்த்தது இதுதான் முதல் தடவை. சந்தோஷப்பட வேண்டும். அண்ணன் முகத்தைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

ஏப்ரல் 16, வியாழன்

நிதானமாக எழுத வேண்டும்.

காலையில் அண்ணன் சொன்னார்: ‘அந்தப் போர்ட கழட்டிருங்க இஞ்சினீரு. பம்பாய்க்காரனுக்கே திருப்பி அனுப்பிர்றேன். ஏமாத்து மிஷின அனுப்பியிருக்கீகன்னு காயிதம் எழுதி வச்சிருக்கேன். உங்க கட்டுரையையும் சேத்து வைக்கிறேன், ஆதாரத்துக்கு.’

பின்பக்கத்தைத் திறந்தேன். போர்டு வந்த அட்டைப்பெட்டி உள்ளேயே கிடந்தது. அடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. பின் அடித்தபடி, பிரிக்காமல். அன்று அவசரத்தில் நான் கையால் தொடவே இல்லை. உள்ளே ஒரு தாள். ஜப்பான் எழுத்து. ஆனால் கட்டம் போட்ட அட்டவணைக்கு எந்த பாஷையும் வேண்டாம். எட்டு சுவிட்ச், ஒவ்வொன்றும் அரிசி அகலம். எந்தச் சுவிட்ச் எப்படி இருந்தால் எத்தனை படகு, எவ்வளவு வேகம் என்று வரிசையாகப் போட்டிருக்கிறது.

குரங்கு போர்டில் எல்லாம் ஆன் என்றால் அதிகபட்சத் தாராளம். இதில் நேர் எதிர். எல்லாம் ஆன் என்றால் ஒரே படகு, உச்ச வேகம்.

மிகச் சுலபம் என்று நான் அச்சில் போட்டது மிகக் கடினம்.

ஸ்க்ரூடிரைவர் முனையால் தாளில் உள்ளபடி நகர்த்தினேன். மின்சாரம் கொடுத்தேன். மூன்று படகு. கல் நிதானமாக வந்தது. எங்கிருந்து வரப்போகிறது என்று முன்கூட்டியே ஒரு நிழல் காட்டுகிறது, அந்த வேகத்தில் அது என் கண்ணில் படவே இல்லை. இரண்டாம் வளையம். மூன்றாம் வளையம். பயணிகளை இறக்கிவிட்டால் கரையில் நின்று திரும்பிப் பார்க்கிறார்கள். கையை ஆட்டிவிட்டுத்தான் போகிறார்கள். அதற்கு மதிப்பெண் கிடையாது. யாரோ ஒருவன் உட்கார்ந்து, தேவையே இல்லாமல், அழகுக்காக அதைச் செய்திருக்கிறான்.

நாலாவது வளையத்தில் சங்கீதம் வந்தது. மூன்று ஸ்வரம்தான் இருக்கும். போதும்.

இந்த வருஷம் மதுரைக்கு வந்ததில் இதுதான் சிறந்த ஆட்டம்.

அண்ணன் எட்டிப் பார்த்தார். ‘என்ன, சரியாயிருச்சா?’

‘சின்னக் கோளாறுண்ணே. சரி பண்ணிட்டேன்.’

யார் கோளாறு என்று சொன்னேனா? சொல்லலை. ஏன் சொல்லலை?

ஏப்ரல் 18, சனி

சொல்லிவிட்டேன். அவர் பம்பாய்க் கடிதத்துக்குத் தபால்தலை ஒட்டிக்கொண்டிருந்தபோது. சுவிட்ச், தாள், பிரிக்காத உறை, எல்லாம்.

அண்ணன் கோபப்படவில்லை. கடிதத்தை நாலாகக் கிழித்தார்.

‘அப்ப பட்டரு சொன்னது சரி.’

‘ஆமாண்ணே.’

‘மூணு படகுன்னு அன்னைக்கே சொன்னாருல்ல. நீங்கதான் அவர மணியாட்டச் சொல்லிப்புட்டீக.’

‘மெஷினத் திருப்பி அனுப்பாதீங்கண்ணே.’

‘நான் எதுக்கு அனுப்பப் போறேன். மொதல்ல அவரப் போய்ப் பாருங்க. இங்கன இருந்து அம்புட்டு தூரமா?’

தூரம் இல்லை. ஐந்து நிமிஷ நடை.

இரவு ராஜாராமனுக்குத் திருத்தம் எழுதினேன். என் தவறு, ஆட்டத்தின் தவறல்ல என்று.

ஏப்ரல் 22, புதன்

பன்னிரண்டரைக்கு மேலக் கோபுர வாசலில் நின்றேன். ஹாலாஸ்யம் இன்னும் இரண்டு பட்டர்களோடு வந்தார். ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு. நான் வளையல் கடைப் பக்கம் ஒதுங்கிவிட்டேன்.

ஏன்? வெறும் கையோடு போய் என்ன சொல்வது? அச்சில் குத்தினேன், அச்சில்தான் எடுக்க வேண்டும். திருத்தம் வரட்டும். இதழைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசலாம். அதுதான் முறை.

ஏப்ரல் 29, புதன்

ராஜாராமன் பதில். ‘விமரிசகர் சுவிட்சைத் தப்பாகப் போட்டார் என்று நாமே அச்சிட்டால் மற்ற ஏழு கட்டுரையை யார் நம்புவார்கள்? விட்டுவிடுங்கள். கட்டாயம் போட வேண்டுமென்றால் போடுகிறேன். ஆனால் அதோடு ‘கைப்பிடி’ பத்தியை நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.’

நியாயமான கடிதம். அதனால்தான் எரிச்சல்.

ஏப்ரல் 30

இரண்டு வரி எழுதி அனுப்பினேன். போடுங்கள். நிறுத்திக்கொள்ளலாம்.

மே இதழ் வேலை முடிந்துவிட்டதாம், அதே கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஜூனில்தான் வரும்.

மே 3, ஞாயிறு

இன்று வாயைத் திறந்தது ஒரு முறை. ‘ரசம்’ மட்டும். விளாங்குடி என்று நான் சொல்வதற்கு முன்பே கண்டக்டர் சீட்டைக் கிழித்துவிட்டார்.

மே 9

திருவிழாக் கூட்டம். சந்துக்குள் நுழைய முடியவில்லை. கோயிலில் அவரை எங்கே போய்ப் பிடிப்பது. ஜூன் வரட்டும்.

மே 20, புதன்

நேற்று மதியம் முழுவதும் நாகமலை புதுக்கோட்டையில். ஒரு பேராசிரியர் வீட்டில் டி.வி. படம் உருண்டுகொண்டே இருந்தது. மூன்று மணி நேரம். இன்று மதியம் கடைக்குப் போனேன்.

‘நேத்து பட்டரு வந்தாரு’ என்றார் அண்ணன். ‘ரொம்ப நேரம் ஒங்க ஸ்டூலப் பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் ஆடினாரு. ஆறாவது வளையம் வரைக்கும் போயிட்டாரு. மூணு படகு வருதே, யாரு சரி பண்ணினான்னு கேட்டாரு.’

‘என்ன சொன்னீங்க?’

‘நம்ம இஞ்சினீருதான்னேன்.’

‘என் தப்புன்னு சொன்னீங்களா?’

‘அத நான் எதுக்குச் சொல்றது? அது நீங்க சொல்ல வேண்டியதுல்ல.’

ஆறாவது வளையம். நான் ஐந்தைத் தாண்டவில்லை.

நாளைக்கும் வருவார். வந்தால் சொல்லிவிடுகிறேன். இதழ் இல்லாவிட்டால் என்ன.

மே 21

வரவில்லை.

மே 22

வரவில்லை.

1987 ஜூன் 3, புதன். மாலை 6.10.

இதழ் வந்துவிட்டது. நாற்பத்தாறாம் பக்கத்தின் அடியில் நாலு வரி. ரேடியோ பேட்டரி விளம்பரத்துக்கும் சந்தா விவரத்துக்கும் நடுவே. ‘கைப்பிடி’ இருந்த இடத்தில் மிக்ஸி பராமரிப்பு.

நாலு வரியும் சரியாக இருக்கிறது. எழுத்துப் பிழை இல்லை.

அண்ணனிடம் விலாசம் கேட்டுக்கொண்டு ஹாலாஸ்யம் வீட்டுக்குப் போனேன். வாசலில் அவர் மனைவி, பாகீரதி என்று பெயர் சொன்னார். நான் யாரென்று சொன்னதும் ‘வீடியோ கேம் மாயனா?’ என்றார். அப்படி ஒருவனை அந்த வீட்டில் பேசியிருக்கிறார்கள்.

‘அவர் சிங்கப்பூர் போயிட்டாரே. அங்கே ஒரு கோயில்ல ரெண்டு வருஷத்துக்குக் கூப்பிட்டா. இருபதாம் தேதி கிளம்பினார். முந்தின நாள் உங்களைப் பார்க்கத்தான் கடைக்கு வந்தார். நீங்க எங்கேயோ வேலையா போயிட்டேளாம்.’

‘என்னைப் பாக்கவா?’

‘சொல்லிண்டு வரேன்னுதான் போனார்.’

இதழை நீட்டினேன். வாங்கிப் பக்கத்தைத் தேடினார். நான் காட்டவில்லை. அவர் படித்து முடிக்கும் வரை நிற்கத் தைரியம் இல்லை, நின்றேன்.

‘நாலு வரிதானே, அவருக்கு நீங்களே எழுதிப் போட்டுடலாமே’ என்றார். உள்ளே போய் விலாசத்தை ஒரு காலண்டர் தாளின் பின்புறம் எழுதிக்கொண்டு வந்து கொடுத்தார். இதழையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஐந்து நிமிஷ நடை இருந்தபோது ஒரு மாதம் அச்சுக்குக் காத்திருந்தேன். இப்போது கடல்.

செய்ய வேண்டியவை:

1. நாளை காலை வேலைக்குப் போகும் முன் தலைமைத் தபால் நிலையம். வெளிநாட்டுக் கடித உறை.

2. முதல் வரியிலேயே என் தப்பைச் சொல்வது. சுவிட்ச் விளக்கம் வேண்டாம். அட்டவணையும் வேண்டாம்.

3. நாற்பத்தாறாம் பக்கத்தை அனுப்ப வேண்டாம்.

4. மணியாட்ட என்று எழுதியதற்குத் தனியாக ஒரு வரி. அது சுவிட்சால் வந்ததல்ல.

5. அங்கே என்ன ஆட்டம் புதிதாக வந்திருக்கிறது, எப்படி இருக்கிறது என்று அவரைக் கேட்பது.

6. கேட்டதோடு கடிதத்தை நிறுத்துவது.