நாற்பத்து நான்கு அங்குலம்

ஸ்ஃபாக்ஸ்,
6 மே 2024

லுத்ஃபிக்கு,

நீ அனுப்ப நினைப்பது பிரிண்டரையா, அதன் பின்னாலேயே உன்னையுமா? உன் கடிதத்தை மூன்று முறை படித்தும் எனக்குப் பதில் தெரியவில்லை. போனில் கேட்டிருக்கலாம். போனில் நீ பேசினால் ஐந்தாவது நிமிடம் நான் சரி என்று சொல்லிவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

நீ கேள்விப்பட்டது உண்மைதான். பழைய பிரிண்டர் முடிந்தது. ஹெட்டில் பாதித் துளைகள் அடைத்துக்கொண்டன, அந்த மாடலுக்கு ஹெட் இனி வராது. கோடைக் கல்யாணங்களுக்குள் புதியது வேண்டும். ஜெல்வாச் சடங்குப் படத்துக்கு மட்டும் முப்பது பேர் சொல்லி வைத்திருக்கிறார்கள். தங்க ஜரிகை உடுப்பில், மருதாணிக் கைகளைத் தோளுக்கு மேல் உயர்த்தி, கண்ணை மூடி மெல்லச் சுற்றும் மணப்பெண்ணை ஆள் உயரக் கேன்வாஸில் மாட்டாமல் இந்த ஊரில் எந்த ஜோடி குடித்தனம் தொடங்குகிறது?

நான் பார்த்துவைத்திருப்பது நாற்பத்து நான்கு அங்குலம், பன்னிரண்டு நிற இங்க். நீ சொல்வது அறுபத்து நான்கு அங்குலம், நான்கு நிறம், சால்வென்ட் இங்க். துனிஸ் கடைக்காரரும் உன் கட்சிதான். "மேடம், இதுல பேனர் அடிக்க முடியாதே" என்றார். "பேனர் அடிக்கிறவங்க வாங்க வேணாம்" என்றேன்.

கேன்வாஸைச் சட்டத்தில் இழுத்து ஆணி அடிக்கும் ஸல்ஹா உன்னை விசாரித்தாள். எந்த வார்த்தைகளில் என்பதை எழுதவில்லை.

மோனியா


ஷார்ஜா,
15 மே 2024

அன்புள்ள மோனியாவுக்கு,

நான்கு வருடம் கழித்து வந்த கடிதத்தில் ஒரு 'நலமா' கூட இல்லை. பரவாயில்லை, நான் நலம். முழங்கால் மட்டும் வலிக்கிறது.

பன்னிரண்டு இங்க் என்றால் பன்னிரண்டு அடைப்பு. நான் இங்கே தினமும் பிரிண்டர் விற்கிறவன், கேள். நான் சொல்லும் மெஷினில் அடித்த கேன்வாஸுக்கு வார்னிஷ் வேண்டாம். பேனரும் அடிக்கலாம், கடைப் பலகையும் அடிக்கலாம். அகலத்தை யோசித்தாயா? கை விரித்த பெண்ணை நாற்பத்து நான்கில் அடித்தால் விரல் நுனி சட்டத்தைச் சுற்றிப் பக்கவாட்டுக்குப் போய்விடும். ஹமீதா வீட்டுக் கல்யாணம் மறந்துவிட்டதா? "எம் பொண்ணு விரல மடக்கிட்டீங்களே" என்று அந்த அம்மா கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாளே.

ஜூலையில் நானே வந்து பொருத்துகிறேன். திரும்பி வரும் டிக்கெட் எடுப்பதாக இல்லை. கடைப் பலகையில் இன்னும் என் பெயர்தானே இருக்கிறது?

மாதிரிக்கு ஒரு கேன்வாஸ் சுருட்டி அனுப்பியிருக்கிறேன்.

என்றும் உன்,
லுத்ஃபி


ஸ்ஃபாக்ஸ்,
27 மே 2024

லுத்ஃபிக்கு,

முழங்காலுக்கு ஆலிவ் எண்ணெய் தடவு. உன் அக்காவிடம் கேட்டால் அனுப்புவாள்.

கேன்வாஸ் வந்தது. கிளியும் ஸ்ட்ராபெரியும். உலகத்தில் எந்த மெஷினிலும் கிளியும் ஸ்ட்ராபெரியும் நன்றாகத்தான் வரும். ஆனால் நியாயத்தையும் சொல்ல வேண்டும்: ஸல்ஹா நகத்தால் சுரண்டிப் பார்த்தாள், மூலையை மடித்துப் பார்த்தாள், உரியவில்லை. "ஆளுதான் நிக்கல லல்லா, இங்க் நிக்குது" என்றாள்.

இத்துடன் ஒரு கோப்பு அனுப்புகிறேன். 2001இல் நம் கல்யாணத்தில், என் ஜெல்வாவில் எடுத்த படம். ஜரிகை, மருதாணியின் கருஞ்சிவப்பு, பின்னால் இருண்ட திரை, ஒரு மெஷினுக்குக் கஷ்டமான எல்லாமே அதில் இருக்கின்றன. எதையும் தொடாமல், இருப்பதை இருப்பதுபோல் அடித்து அனுப்பு. சரியாக வந்தால் உன் மெஷினையே வாங்குகிறேன். பொருத்த வருகிறவரைப் பற்றியும் யோசிக்கிறேன். இது நான் சாதாரணமாகக் கொடுக்கும் வாக்கு இல்லை என்று உனக்குத் தெரியும்.

மோனியா


ஷார்ஜா,
8 ஜூன் 2024

அன்புள்ள மோனியாவுக்கு,

பிரித்துப் பார். ஜரிகை எப்படி மின்னுகிறது! எங்கள் ஆட்களே வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். எவ்வளவு அழகாக இருந்தாய் நீ.

ஜூலை மூன்றாம் தேதி வருகிறேன். அந்தப் பன்னிரண்டை மறந்துவிடு.

உன்,
லுத்ஃபி


ஸ்ஃபாக்ஸ்,
19 ஜூன் 2024

லுத்ஃபிக்கு,

படம் வந்து நான்கு நாளாகிறது. ஜரிகை கடுகு நிறத்தில் வரும் என்று எதிர்பார்த்தேன். அப்படி வரவில்லை, தங்கமாகவே இருந்தது. கொஞ்ச நேரம், ஒப்புக்கொள்கிறேன், ஜூலை மூன்றை நானும் நாட்காட்டியில் பார்த்தேன்.

ஸல்ஹாதான் அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். "லல்லா, இது நீங்க இல்லயே" என்றாள்.

என் இடது கண் மூடியிருந்தது.

அன்று மூன்றாவது சுற்றில் நான் இடது கண்ணைத் திறந்து பார்த்தேன். உன் சித்தி எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டினார். புகைப்படக்காரர் அந்த நொடியைப் பிடித்துவிட்டார். வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் நீயே சிரித்துச் சிரித்துச் சொன்ன கதை அது. இப்போது அதை மூடிவிட்டாய். இமை முடியெல்லாம் ஒழுங்காக வரைந்திருக்கிறாய்.

அதற்குப் பிறகு கணினியில் இருந்த அசலையும் கேன்வாஸையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஜரிகையின் மினுக்கையும் நீ கூட்டிவிட்டிருக்கிறாய், திரையையும் வெளுத்திருக்கிறாய். உன் மெஷின் எப்படி அடிக்கும் என்பது இன்னும் எனக்குத் தெரியாது. உன்னைத் தெரியும். எதையும் தொடாதே என்று மட்டும்தான் கேட்டிருந்தேன்.

பன்னிரண்டு நிறத்தைச் சொல்லிவிட்டேன். நாளை காலை வருகிறது. பொருத்த அவர்கள் ஆளே வருகிறார். அடைத்துக்கொண்டால் நான் சுத்தம் செய்வேன், வார்னிஷை ஸல்ஹா அடிப்பாள். டிக்கெட்டை ரத்து செய். அக்காவைப் பார்க்க வருவதென்றால் உன் இஷ்டம், கடைக்கு வராதே.

மோனியா

20 ஜூன்: நேற்று இதைத் தபாலில் போடவில்லை, அதனால் இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். பெட்டி வாசலில் நுழையவில்லை. கதவைக் கழற்ற வேண்டியிருந்தது, கதவுக்கு மேலிருந்த பலகையையும். கதவைத் திரும்ப மாட்டினோம். புதுப் பலகை அடிக்க எங்களிடம் மெஷின் இல்லை, எதிர்க் கடையில் சொல்லியிருக்கிறேன். முதலில் அடித்தது என் படம். மருதாணி மருதாணியாக வந்தது. இடது கை விரல் நுனிகள் சட்டத்தைச் சுற்றி மடிந்துவிட்டன. அகலத்தில் நீ சொன்னது சரி. அப்படியே கடை முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால் மாட்டினேன். மதியம் ஒரு மணப்பெண்ணின் அம்மா வந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஒரு கண்ணத் தொறந்துக்கிட்டு நிக்குதே, யாரு இந்தப் பொண்ணு?"

"இந்தக் கடை முதலாளி" என்றாள் ஸல்ஹா.

அந்த அம்மா என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "எம் பொண்ணுக்கும் இதே மெஷின்ல போடுங்க. விரல மட்டும் மடக்கிடாதீங்க" என்று சொல்லி, மகளின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.